வலிக்கலையே என்று விட்டு விடாதீர்கள்!



நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வலித்தால்தான் வியாதி, வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை! தலைவலி, பல்வலி என்றால் கூட, நாலு நாள் தைலம் தடவி, கிராம்பு கடித்துப் பார்த்து, தாங்க முடியாமல் போனால்தான் டாக்டர். அதிலும் பெண்களுக்கு வந்து விட்டால் கேட்கவே வேண்டாம். 'பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்', 'ஆடி மாசம் போகட்டும்', 'சீட்டுப் பணம் வரட்டும்' என்று தள்ளிக்கொண்டே போவோம். வலிக்கவே வலிக்காத ஒரு கட்டி என்றால், அதை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்?

பல் ஈறில் வருகிற வலியில்லாத கட்டிகளைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. பத்தாவது வரை படித்த சாதாரண இல்லத்தரசி. ஆனால் கடந்த ஆறு, ஏழு வருடங்களில் எனக்கும், என் வீட்டாருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் என்று மாறி மாறி ஈறில் கட்டி வந்து, பல் டாக்டரிடம் நடையாய் நடந்திருக்கிறேன். எங்கள் ஊர் பல் டாக்டரம்மா பொறுமைசாலி. நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். அந்தக் குறிப்புகளைத்தான் உங்களுக்குத் தருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஈறில் கட்டி என்றதும் பதறிப் போக வேண்டாம். பத்துக் கட்டியில் பெரும்பாலானவை சாதுவானவைதான். ஆனால் எது சாது, எது வம்பு என்று நாமாகப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதுதான் சங்கதி.

ஏன் வலிப்பதில்லை?

நான் முதலில் கேட்ட கேள்வியே இதுதான். 'கட்டின்னா வலிக்கணுமே டாக்டர்?'

அவர் சொன்னார்: 'சீழ் உள்ளேயே அடைபட்டு, போக வழியில்லாம அழுத்துனாத்தாம்மா வலி. அந்தச் சீழுக்கு ஒரு ஓட்டை கிடைச்சுட்டா வலி நின்னுடும். செருப்பு கடிச்ச இடத்துல காய்ப்பு காய்க்குதே, அது வலிக்குதா? அதே மாதிரி ஈறுலயும் சதை மெதுவா தடிச்சா வலிக்காது. எலும்பு தானா வளர்ந்தாலும் வலிக்காது. ஆரம்பத்துல இருக்கிற புற்றுநோயும் பெரும்பாலும் வலிக்காது. அதனால வலி இல்லைங்கிறது நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை. அது சேதியே இல்லை!'

இதை நான் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கர்ப்பிணிகளுக்கு வரும் கட்டி

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்தாம் மாதம். மேல் வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஈறில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கிளம்பியது. கோவைப்பழம் மாதிரி சிவப்பு. வலி துளிக்கூட இல்லை. ஆனால் பல் விளக்கும்போது பிரஷ் பட்டால் போதும், குபுக்கென்று ரத்தம் வரும்.

'புள்ளைத்தாச்சி பல்லுல கை வைக்கக் கூடாது. பெத்துப் பிழைச்சு வரட்டும், பார்த்துக்கலாம்' என்றார் என் மாமியார். பிரசவ டாக்டரிடம் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது வாயைத் திறந்து காட்டினேன். அவர்தான் பல் டாக்டரிடம் அனுப்பினார்.

கர்ப்ப காலத்தில் உடம்பில் ஹார்மோன்கள் கூடுகிறதல்லவா? அப்போது ஈறுகள் ரொம்பவும் பூஞ்சையாகி விடுமாம். பல் இடுக்கில் கொஞ்சம் அழுக்கும் காரையும் இருந்தால் கூட, ஈறு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு வீங்கிச் சதை வைத்து விடும். இதற்குக் கர்ப்ப காலக் கட்டி என்றே பெயர். பெயர்தான் பயமுறுத்துகிறதே தவிர, இது புற்றுநோய் இல்லை. குழந்தைக்கும் இதனால் கெடுதல் இல்லை.

அன்று காரையை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்து, மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளையும் விளக்கச் சொன்னார். 'ரத்தம் வருதுன்னு பயந்து விளக்காம விட்டுட்டா அழுக்கு சேர்ந்து இன்னும் பெருசாகும்' என்றார். பிரசவம் முடிந்து சில வாரங்களில் கட்டி தானாகச் சுருங்க ஆரம்பித்து, பிள்ளைக்குத் தலை நின்ற சமயத்தில் இருந்த இடம் தெரியாமல் போய் விட்டது. சிலருக்குச் சுருங்காமல் நின்று விடும். அவர்களுக்குப் பிறகு மரத்துப் போக ஊசி போட்டு எடுத்து விடுவார்கள். சாப்பிட முடியாத அளவுக்குத் தொல்லை கொடுத்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ கர்ப்ப காலத்திலேயே எடுப்பதும் உண்டு. ஆனால் அப்போது எடுத்தால் மறுபடி முளைக்க வாய்ப்பு இருப்பதால், முடிந்தவரை பிரசவம் வரை காத்திருப்பார்கள்.

கர்ப்பிணிகள் பல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது பழைய பயம். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் வைத்தியத்துக்கு வசதியான காலம். அவசரம் என்றால் எந்த மாதத்திலும் பார்க்கலாம். எத்தனையாவது மாதம் என்பதை மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லி விட வேண்டும்.

பிள்ளைகளின் ஈறில் கொப்புளம்

பக்கத்து வீட்டு அக்காவின் பையனுக்கு ஏழு வயது. மேல் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று மேலே, ஈறில் வெள்ளையாக ஒரு கொப்புளம். வரும், நாலு நாளில் உடைந்து உப்புக் கரிக்கும், போய் விடும். பத்து நாளில் மறுபடி அதே இடத்தில்! அக்காவோ, 'சூட்டுக் கொப்புளம் போல. வலிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே' என்று வெந்தயத்தை ஊற வைத்துக் கொடுத்துக் கொண்டிருந்தார்.

அது சூடு இல்லை, தோழியரே. அது சீழ்க் கொப்புளம். கீழே இருக்கும் பல் சொத்தையாகி, உள்ளே இருக்கும் நரம்பு செத்துப் போய், வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறது. அந்தச் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு ஈறு வழியாக வெளியே வர ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசல்தான் கொப்புளம்! வாசல் இருப்பதால் வலி இல்லை. முன்பு வலித்த சொத்தைப் பல் திடீரென்று வலிக்காமல் போனால், 'நல்லாயிடுச்சு' என்று சந்தோஷப்படுகிறோம். நிஜத்தில் பல் செத்து விட்டது என்று அர்த்தம்.

'விழப்போற பால் பல்லுதானே, எதுக்குச் செலவு?' என்பது அடுத்த கேள்வி. முன்பற்கள்தான் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அதற்குக் கீழே நிரந்தரப் பல் உருவாகிக் கொண்டிருக்கிறது. மேலே சீழ் இருந்தால் கீழே இருப்பதும் கெடலாம். இந்தப் பையனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பல்லின் வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்து மூடி விட்டார்கள். காப்பாற்ற முடியாத பல்லாக இருந்தால் பிடுங்கி விட்டு, பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து விடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்டுவார்களாம்.

பெரியவர்களுக்கு வரும் கொப்புளமும் இதே கதைதான். வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டால் ஒரு வாரம் அடங்கும், மறுபடி வரும். வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கும்போது ஊதுபத்தி ஏற்றுகிற மாதிரிதான் அது!

ஈறில் அடிக்கடி அங்கும் இங்கும் சீழ்க் கட்டி வருகிறவர்கள் ஒரு தடவை சர்க்கரை பரிசோதனை செய்து கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும்.

ஒரு எச்சரிக்கை. கொப்புளத்தோடு கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் விட வேண்டும்.

கைக்குழந்தைக்கு வெள்ளைப் புள்ளிகள்

பிறந்த குழந்தையின் ஈறில் அரிசி நொய் மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். 'பிறக்கும்போதே பல் முளைச்சிருக்கு, மாமனுக்கு ஆகாது' என்று சில வீடுகளில் கதை கட்டுவார்கள். அது பல்லும் இல்லை, தோஷமும் இல்லை. ஈறு உருவாகும்போது மிச்சமான சின்னச் சின்ன முத்துக்கள். சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள் தானாக உதிர்ந்து விடும். துணியால் தேய்ப்பதோ, நகத்தால் கீறுவதோ வேண்டாம். பால் குடிக்க முடியாத அளவுக்குப் பெரிய கட்டியாக இருந்தால் மட்டும் உடனே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

அதே போல, பல் முளைக்கப் போகும் இடத்தில் நாவற்பழ நிறத்தில் ஒரு வீக்கம் வரலாம். பல் வெளியே வருவதற்கு முன் சேர்கிற நீர்தான் அது. பெரும்பாலும் பல் குத்திக்கொண்டு வரும்போது தானாக உடைந்து விடும்.

மாத்திரையாலும் ஈறு வளரும்!

என் மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் அவருடைய முன்பற்களுக்கு நடுவே ஈறு குண்டு குண்டாகத் தடித்து, பல்லைப் பாதி மூடி விட்டது. வலி இல்லை. 'வயசானா எல்லாருக்கும் ஈறு இறங்கும், எனக்கு ஏறுது பாரு!' என்று அவரே சிரிப்பார்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: 'பாட்டி, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' சீட்டைப் பார்த்ததும் பிடித்து விட்டார். ரத்தக் கொதிப்புக்குத் தருகிற அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்குத் தருகிற பினைட்டாயின், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தருகிற சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். எல்லாருக்கும் வருவதில்லை. பல்லில் அழுக்கும் காரையும் அதிகம் இருப்பவர்களுக்கு அதிகமாக வருகிறது.

இங்கே ரொம்ப முக்கியமான விஷயம். 'மாத்திரையாலதான் வந்துச்சாம்' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள்! ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வந்து விடும். பல் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் காட்டியதும், வைத்தியம் பார்க்கிற டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். காரையும் எடுத்த பிறகு நாலைந்து மாதத்தில் ஈறு நன்றாக வற்றி விட்டது. வற்றாதவர்களுக்கு அதிகப்படி ஈறை வெட்டிச் சீராக்குவார்கள்.

சதைக் கட்டியும், எலும்பு முண்டும்

உடைந்த பல்லின் கூர்முனை, பழைய காரை, சரியாகப் பொருந்தாத பல் செட் இவை ஒரே இடத்தில் உரசிக் கொண்டே இருந்தால், அங்கே ஈறின் நிறத்திலேயே கெட்டியான சதைக் கட்டி வரும். செருப்புக் காய்ப்பு என்று சொன்னேனே, அதுதான். கட்டியை எடுத்தால் மட்டும் போதாது. உரசுகிற காரணத்தையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி வந்து விடும். என் அப்பாவுக்குப் பல் செட் தளர்ந்துபோய், விளிம்பு படுகிற இடத்தில் ஈறு மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. சில நாள் செட்டைக் கழற்றி வைக்கச் சொல்லி, பிறகு மடிப்பை எடுத்து விட்டுப் புது செட் செய்து தந்தார்கள். ராத்திரியில் பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்று, கல் மாதிரி கெட்டியான முண்டு. கீழ்த்தாடையில் நாக்குப் பக்கமாக இரண்டு புறமும், அல்லது மேல் அண்ணத்தின் நடுவில் இருக்கும். பல வருடமாக மெதுவாக வளர்ந்திருக்கும். இது எலும்பே சற்று அதிகம் வளர்ந்திருப்பது. எந்த வைத்தியமும் வேண்டாம். பல் செட் கட்டும்போது இடைஞ்சலாக இருந்தால் மட்டும் எடுப்பார்கள். ஆனால் 'இது அந்த முண்டுதான்' என்று டாக்டர் வாயால் ஒரு தடவை கேட்டு விடுவது நல்லது. தாடை எலும்புக்குள் நீர்க்கட்டி வளர்ந்தாலும் வெளியே இப்படிக் கெட்டியான வீக்கமாகத்தான் தெரியும். அதை எக்ஸ்ரேயில்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு இடத்தில் இல்லாமல் ஈறு முழுவதும் திடீரென்று வீங்கி, ரத்தம் கசிந்து, கூடவே காய்ச்சல், சோர்வு, உடம்பு வெளுப்பு, தோலில் காரணமில்லாத ரத்தக்கட்டு எல்லாம் இருந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சில ரத்த வியாதிகள் முதலில் ஈறில்தான் தலை காட்டும்.

எங்கள் பெரியம்மாவின் கதை

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

என் வீட்டுக்காரரின் பெரியம்மா கிராமத்தில் இருக்கிறார். வயது 58. காட்டு வேலை, மாடு கன்று என்று ஓயாத உழைப்பு. ஒரே பழக்கம், வெற்றிலை பாக்கு புகையிலை. இடது கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் மதியச் சாப்பாடு வரை அங்கேயே இருக்கும். அதே இடத்தில், கீழ் ஈறில், ஒரு தடிப்பு வந்தது. சுற்றிலும் கொஞ்சம் வெள்ளைப் படலம். வலி இல்லை. மூன்று மாதம் போனது. பக்கத்துப் பல் ஆட ஆரம்பித்தது. டவுனில் யாரோ ஒருவரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக் கொண்டார். பிடுங்கிய குழி ஆறவில்லை. ஒரு மாதமாகியும் ஆறவில்லை. ஆறுவதற்குப் பதிலாகக் குழியிலிருந்து சதை மேலே பொங்கி வந்தது.

ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, இலையில் உட்கார்ந்து ஒரு பக்கமாகவே மென்று கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால், 'ஒண்ணுமில்ல தாயி, பல்லு புடுங்குன எடம். வலியெல்லாம் கெடையாது' என்றார். மறுநாளே எங்கள் பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். தாடைக்குக் கீழே, கழுத்தில் விரல் வைத்து நெறிக்கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எப்போதும் கலகலப்பாகப் பேசுகிறவர், அன்று அதிகம் பேசவில்லை.

சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. 'கத்தி வச்சா பரவிரும். எங்க ஊருல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு' என்றார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: 'கத்தி வைக்கிறதால பரவாதுங்க ஐயா. கத்தி வைக்காம நாளைக் கடத்துறதாலதான் பரவுது. உங்க ஊருல அவங்க வந்ததே கடைசி நேரத்துல வந்திருப்பாங்க.'

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. புற்றுநோய். ஆனால் கழுத்துக்கு இன்னும் பரவவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கீழ்த்தாடையில் ஒரு பகுதியையும் கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் ஆபரேஷன் செலவு கையைக் கடிக்கவில்லை. இரண்டு வருடமாகி விட்டது. முகம் ஒரு பக்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. முறுக்கு, சீடை கடிக்க முடியாது. குழைந்த சாதம், மோர், இட்லி என்று சாப்பிட்டுக்கொண்டு, பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். சொன்ன தேதிக்குத் தவறாமல் பரிசோதனைக்குப் போய் வருகிறார். வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி எறிந்து விட்டார்.

'வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடியாந்திருப்பேனே தாயி' என்று ஒரு நாள் சொன்னார். அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

'நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்' என்று சொல்கிற சகோதரிகளே, பாக்கும் ஆபத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும், ஏன், தனிப் பாக்கையும் கூடப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லி விட்டது. பாக்கு போட்டுப் போட்டு வாய் இறுகி, இரண்டு விரல் கூட நுழைய முடியாமல் போனவர்களும் உண்டு. கடையில் தொங்குகிற பாக்குப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் பார்த்தால் சிரித்துக்கொண்டு போகாதீர்கள்.

நம் தமிழ்நாட்டுக்கு இந்த வியாதியோடு போராடிய பெருமையும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு மூலையில் உட்கார்ந்து விடாமல், 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். ஒரு பெண் ஆரம்பித்து வைத்த காரியத்தால் பிழைத்தவர்கள் ஏராளம். நாம் செய்ய வேண்டியதெல்லாம் நேரத்தோடு போய்க் காட்டுவதுதான்.

எப்படிப் பார்ப்பது?

மாதம் ஒரு தடவை போதும். மளிகை லிஸ்ட் எழுதுகிற நாளை வைத்துக் கொள்ளுங்கள், மறக்காது. ராத்திரி பல் விளக்கி வாய் கொப்பளித்த பிறகு, கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை அடியுங்கள். மேல் உதட்டைத் தூக்கி, கீழ் உதட்டை இறக்கி, முன் ஈறைப் பாருங்கள். விரலால் கன்னத்தை ஒதுக்கிக் கடைவாய் ஈறைப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியில் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுட்டு விரலால் ஈறு முழுவதும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படும். இரண்டு நிமிட வேலை. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீங்களே பார்த்து விடலாம்.

கட்டியோ, புண்ணோ, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். கீழ்க்கண்டவை இருந்தால் இரண்டு வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம்.

* கட்டி வேகமாகப் பெரிதாவது
* கட்டியின் மேல் ஆறாத புண், அல்லது சுற்றிலும் வெள்ளை, சிவப்புப் படலம்
* காரணமில்லாமல் பல் ஆடுவது
* பல் பிடுங்கிய குழி ஆறாமல் இருப்பது
* உதடோ தாடையோ மரத்துப் போவது
* கழுத்தில் நெறிக்கட்டி

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்கள் என்று பயப்பட வேண்டாம். தொட்டுப் பார்ப்பார்கள், தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார்கள். காரை இருந்தால் சுத்தம் செய்வார்கள். எடுக்க வேண்டிய கட்டி என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்து எடுப்பார்கள். சின்னக் கட்டியானால் அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து விடலாம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று மட்டும் கேட்டுக் கொள்ளுங்கள். அதில்தான் கட்டி எந்த வகை என்று உறுதியாகத் தெரியும்.

செய்யக் கூடாதவை

கட்டியை ஊசியால் குத்துவது, நகத்தால் கிள்ளுவது, நூல் கட்டி இறுக்குவது, மூக்குப் பொடி வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றுவது, கன்னத்தில் சூடு ஒத்தடம் கொடுத்துச் சீழை 'பழுக்க' வைப்பது... இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். அது இதமாக இருக்கும், வாய் சுத்தமாகும். ஆனால் அது கட்டிக்கு வைத்தியம் இல்லை. டாக்டரிடம் போகும் வரைக்கும்தான்.

வராமல் தடுக்க முடிந்தவற்றுக்கு வழி சுலபம். காலையிலும் ராத்திரி படுக்கப் போகும் முன்பும் மென்மையான பிரஷ்ஷால் விளக்குவது, செங்கல் பொடி, சாம்பல், உப்பு வைத்துத் தேய்க்காமல் இருப்பது, சொத்தையைச் சின்னதாக இருக்கும்போதே அடைப்பது, காரையை அவ்வப்போது டாக்டரிடம் எடுத்துக் கொள்வது. பல் சுத்தம் செய்தால் பல் ஆடிப் போகும் என்பது பொய். ஏற்கெனவே ஆடிக் கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். அது போனதும் ஆட்டம் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் திட்டம் அரசு சுகாதார நிலையங்களில் உண்டு. தடுப்பூசி போடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறோமே, அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. என் பிள்ளைக்கு ஈறில் கட்டி என்றால் அன்று மாலையே ஆட்டோ பிடிக்கிறோம். வீட்டுக்காரருக்கு என்றால் லீவு போடச் சொல்கிறோம். நமக்கு என்றால் மட்டும், 'வலிக்கலையே' என்கிறோம். அடுப்படியில் நிற்கிற நாம் படுத்து விட்டால் அந்த வீட்டில் பால் காய்ச்சவும் ஆள் கிடையாது. அஞ்சறைப் பெட்டியில் சேர்த்து வைக்கிற காசில் ஒரு பங்கை நம் உடம்புக்கென்று எடுத்து வைப்பது சுயநலம் இல்லை, தோழியரே.

என்ன, இன்று ராத்திரியே டார்ச்சும் கையுமாகக் கண்ணாடி முன்னால் நிற்பீர்கள்தானே? அப்படியே மாமியாரையும் 'வாயைத் திறங்க அத்தை' என்று ஒரு தடவை சொல்லி விடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.